கொத்துக்கறியைக் கழுவிய ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நான் சேலைகூட மாற்றவில்லை. அடுக்களைக்குள் நுழைந்தால் என் மாமியார் பித்தளைப் போசியில் முழங்கை வரை கையை விட்டு எதையோ அலசிக்கொண்டிருக்கிறார். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர். எட்டிப் பார்த்தேன். உள்ளே கிடந்தது கொத்துக்கறி.

"அத்தை, கொத்துன கறிய யாராச்சும் கழுவுவாங்களாங்க?"

"பின்னே? கடைக்காரன் கையி, கத்தி, கட்டை, அதுல உக்காந்த ஈ, எல்லாத்தையும் சேத்துத் திங்கச் சொல்றியா கண்ணு?"

ஒரு தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு அடுத்த தண்ணீர் பிடித்தார். ருசியெல்லாம் ஜலதாரை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எனக்கு எப்போதும் கோபம்தான் முந்திக்கொள்ளும் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் அப்போது ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தகரக் கூரை போட்ட குவாட்டர்ஸில் அவரும் நானும், என் மாமியாரும், நாத்தனார் ரீட்டாவும் இருந்தோம். மாமனார் என் கலியாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்.

தப்பு யார்மேல் என்று பார்த்தால், அது என் வீட்டுக்காரரிடம்தான் ஆரம்பிக்கிறது. எங்கள் வீட்டில் கறியைத் துண்டாகத்தான் வாங்குவோம். கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பித் துடைத்து, அதற்கப்புறம்தான் கட்டையில் வைத்துக் கொத்துவோம். அன்றைக்கு வீட்டில் வேலை அதிகம் என்று அவராகவே யோசித்து, கடையிலேயே கொத்தி வாங்கி வந்துவிட்டார். உதவி செய்கிறாராம்!

கழுவாத கறியை மாமியார் அடுப்பில் ஏற்ற மாட்டார். கொத்திய கறியைக் கழுவினால் அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கறியில் நாங்கள் செய்யவிருந்தது எண்ணெயில் பொரிக்கிற கோலா உருண்டை. கோலாவுக்கு ஈரம் ஜென்மப் பகை.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். அன்றைக்கு மத்தியானம் ரீட்டாவைப் பெண் பார்க்க சேலத்திலிருந்து வருகிறார்கள்.

கை நனைப்பது

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பலகாரம் தின்பார்கள். சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால் "கை நனைத்தாச்சு" என்று பேர். சம்பந்தம் முடிந்துவிட்டது, இனிமேல் பேச்சு மாற முடியாது என்று அர்த்தம்.

நாங்கள் தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். சாமியார் எந்தப் பிரசங்கத்திலும் கை நனைப்பதைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனாலும் இந்த வழக்கத்தை மட்டும் யாரும் மீறினதில்லை.

ரீட்டா ஏற்காட்டிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். இரண்டு வீட்டாருமே பெண் பிடித்திருக்கிறது, வேலையை விட்டுவிடட்டும் என்றார்கள். ரீட்டா முடியாது என்று அண்ணன் மூலம் சொல்லி அனுப்பினாள். காப்பி குடித்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் போனவர்கள்தான்.

முந்தின நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். "அண்ணி, இதுதான் கடைசி. இவங்களும் அதையே சொன்னா, இனி யாரையும் கூட்டியார வேண்டாம்னு அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. எனக்குக் கலியாணம் வேணுமுங்க. ஆனா வேலையும் வேணுமுங்க."

அவள் அப்படி நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கப்பட்டுக் கால் விரலால் தரையைக் கீறுகிற ஜாதி அவள் இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் கலியாணமாகிப் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. அப்படியிருந்தும் அவளுக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்றுதான் நானும் பூசையில் வேண்டிக்கொண்டேன்.

மாமியாரின் கணக்கு வேறு. வேலையெல்லாம் ஒரு சாக்கு, வந்தவர்களைச் சரியாகக் கவனிக்கவில்லை, அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. "வெறும் முறுக்கையும் காப்பியையும் குடுத்தா எவன் உக்காருவான்? கோலாவ நீட்டிப் பாரு. அது பலகாரந்தானே, வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. ஒண்ணு தின்னு பாத்தாங்கன்னா, அப்பறம் சோறு எங்கேன்னு அவுங்களே கேப்பாங்க."

பொரித்த கோலா உலர்ந்த பண்டம். தட்டில் வைத்துக் காப்பியோடு கொடுத்தால் அது பலகாரம். கை நனைத்ததாக ஆகாது. திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். நானும் ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

கோலாவைப் பற்றிப் பேசும்போது அந்தக் கட்டைச் சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்டேட் குவாட்டர்ஸ் பக்கம் நடந்தால் டக் டக் என்று கேட்கும். எந்த வீட்டில் கொத்துக்கறி, எந்த வீட்டில் வெறும் குழம்பு என்று வாசலிலிருந்தே சொல்லிவிடலாம். கறி தொடாத நாற்பது நாள் தவசுக்காலத்தில் அந்தச் சத்தம் சுத்தமாக இருக்காது. ஈஸ்டர் அன்றைக்கு எல்லா வீட்டிலும் சேர்த்து வைத்துக் கொத்துவார்கள்.

எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை காலத்துக் கறி அரைக்கும் மிஷின் ஒன்று இருந்தது. மேஜை விளிம்பில் திருகி மாட்டி, மேலே கறியைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் முன்பக்கம் புழுப் புழுவாக வரும். அதில் பட்லர் கட்லெட் செய்வார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அதை இரவல் வாங்கி வரலாமா என்று கேட்டேன். "அது கறியா, இடியாப்பமா?" என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்களுக்குப் பால் கொண்டு வருகிற மலைக்காரர் ஒருவர் இருந்தார். செம்மநத்தத்துப் பக்கம் ஊர். தினையும் சாமையும் போட்டிருந்தார், கொஞ்சம் காப்பிச் செடியும் இருந்தது. நான் கொத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்று ஒரு நாள் கேட்டார்: "ஏனுங்க, பல்லு இருக்கற மனுசனுக்கு எதுக்குங்க கறியக் கொத்தித் தரணும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு கோலா கொடுத்தேன். மென்றுவிட்டு, "பல்லு இருந்தாலும் திங்கலாமுங்க" என்றார்.

மலையில் இன்னொரு சங்கடம் குளிர். ஆட்டுக்கறி வைத்த பாத்திரம் சற்று ஆறினால் போதும், கொழுப்பு உறைந்து வெள்ளையாக ஏடு கட்டிவிடும். நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். அங்கே குழம்பு சாயங்காலம் வரை குழம்பாகவே இருக்கும். இங்கே சோற்றைப் போட்டுக்கொண்டு பேச்சில் உட்கார்ந்தால் மெழுகுவர்த்தியைத் தின்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் கறி நாளன்று யாரும் இலையில் உட்கார்ந்து கதை பேச மாட்டார்கள்.

எண்ணெயில் கரைந்தது

சரி, கழுவிய கறிக்கு வருகிறேன். பழைய வேட்டித் துணியில் கட்டி, நானும் ரீட்டாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். சொட்டுச் சொட்டாக வந்தது, நிற்கவே இல்லை. தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, வரமிளகாய் எல்லாம் ஏற்கெனவே அரைத்து வைத்திருந்தேன். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, கறியையும் ஆட்டுக்கல்லில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, பொட்டுக்கடலை மாவைத் தூவிப் பிசைந்தேன். கையில் பிசுபிசு என்று ஒட்டியது.

முதல் உருண்டையைக் கடலெண்ணெயில் போட்டேன். ஒரு நிமிஷம் ஒழுங்காகத்தான் மிதந்தது. அப்புறம் எண்ணெய் நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்கிப் பார்த்தால் உருண்டையைக் காணோம். சட்டி முழுவதும் தூள் தூளாகக் கறுத்துக் கிடந்தது.

இன்னும் மாவு சேர்த்து இன்னொன்று போட்டேன். அதுவும் போய்ச் சேர்ந்தது.

"நான் அப்பவே சொன்னனுங்களே அத்தை" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருந்தால் அது நானில்லை.

மாமியார் மணையில் உட்கார்ந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிறவர் அப்படி உட்கார்ந்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. மகளுக்காகத்தானே விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தார்!

பருப்புருண்டைக் குழம்பு ஞாபகம் வந்தது. அதற்கு உருண்டையை இட்லிச் சட்டியில் வேகவைத்துத்தானே குழம்பில் போடுவோம்? மீதியை உருட்டி ஆவியில் வைத்தேன். பத்திரமாக இறுகி வந்தது. இன்னொரு பக்கம் குழம்பைக் கூட்டி, கொதி வந்ததும் ஒவ்வொன்றாக நழுவ விட்டேன். கரண்டி போடவே இல்லை, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிவிட்டதோடு சரி. ஒன்றிரண்டு உடைந்து குழம்பைக் கெட்டியாக்கின. மற்றவை முழுசாக நின்றன. வாசம் வந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரீட்டாதான் கண்டுபிடித்தாள். "அண்ணி, கொழம்பாயிருச்சே. இதக் காப்பியோட எப்படிங்க குடுக்கறது?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பொரித்த கோலா பலகாரம். குழம்பில் விழுந்துவிட்டால் அது சாப்பாடு. இனிமேல் இதைத் தொட வேண்டும் என்றால் அவர்கள் இலையில் உட்கார வேண்டும். இலையில் உட்கார வேண்டும் என்றால் முதலில் முடிவு சொல்ல வேண்டும். மாமியாரின் திட்டம் மொத்தமும் தண்ணீரோடு போய்விட்டது.

"எல்லாம் மாதா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு மாமியார் முறுக்கு டப்பாவைத் தேடப் போனார்.

குப்பனூர் வழியாக

மத்தியானம் வர வேண்டியவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். ஒரு வாடகைக் காரைப் பிடித்து, குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே இறங்கினார். அப்பா மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலிலேயே அதிகாரம் இருந்தது. மாப்பிள்ளை அமல்ராஜுக்கு ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. மழைத் துளியைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

மூன்று பேருக்கும் பசி என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தச் சின்ன வீட்டில் குழம்பு வாசம் போகாத மூலை இல்லை. பெரியவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே அடிக்கடி அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

ரீட்டா காப்பி கொண்டு வந்தாள். மாப்பிள்ளை அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்படி மழை பேஞ்சா பிள்ளைங்க ஸ்கூலுக்கு வருவாங்களாங்க?"

"வருவாங்க. சாக்கைத் தலையில கவுத்துட்டு வருவாங்க. சாக்கை எங்க காய வைக்கிறதுங்கறதுதான் எனக்குப் பாடம் நடத்தறதவிடப் பெரிய வேலை" என்றாள் ரீட்டா.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது. கதவோரம் நின்றபடி, ஆண்டவரே இந்த இடம் தட்டிப் போகக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. நொம்ப சுத்தி வளைக்க வேண்டாம். ஒரே ஒரு சங்கதிங்க. கலியாணத்துக்கப்பறம் வேலை வேண்டாமுங்க. சேலத்துலருந்து தெனம் பஸ்ஸுல மலையேறி எறங்கறதெல்லாம் ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாது. அதுக்குச் சரின்னா இலையப் போடுங்க, கை நனைச்சுட்டே போறோம்."

என் வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் சட்டென்று சொன்னார்:

"அதுக்கென்னுங்க! இலையப் போடு கண்ணு."

ரீட்டாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உள்ளே கொதித்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நேராக அடுக்களைக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான், பசியும் மழையும் சேர்ந்து அவள் கதையை முடித்துவிட்டன என்று நினைத்தேன்.

இலையில் சோறு, சட்டியில் குழம்பு

பாய் விரித்து இலை போட்டேன். வந்த மூவரும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்கள். நான் சோறு பரிமாறினேன். சிலுவை போட்டுக்கொண்டு சாப்பாட்டுச் செபம் சொன்னார்கள். ஆமென் சொல்லி முடிக்கும்போது ரீட்டா குழம்புச் சட்டியோடு வந்தாள்.

வந்தவள் ஊற்றவில்லை. சட்டியை இலைகளுக்கு நடுவில் வைத்தாள். கரண்டியை அதன் மேல் வைத்தாள்.

"பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க. நான் வேலைய உட மாட்டேனுங்க. தெனம் மலையேறி எறங்கறது எம்பாடு. அதத் தெரிஞ்சுட்டுச் சாப்பிடறதுன்னா கொழம்பு ஊத்திக்குங்க. இல்லீன்னா சோத்துல கை வைக்காம எந்திரிச்சுருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"ரீட்டா!" என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தபடி உறைந்துபோனார். பெரியவருடைய கை மடியிலேயே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கணவரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஏடு கட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தக் குழம்பை யாருமே சாப்பிட முடியாது.

பெரியவர் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். எழுந்திருக்கத்தான் போகிறார் என்று தெரிந்தது.

அப்போது மாப்பிள்ளை எட்டிக் கரண்டியை எடுத்தார். தன் இலையில் தானே குழம்பை ஊற்றிக்கொண்டார். ஒரு உருண்டையைத் தேடி எடுத்துப் போட்டு, சோற்றோடு பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"ஏண்டா?" என்றார் பெரியவர்.

"பசிக்குதுங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாயைப் பிசைந்தார். தலை நிமிரவில்லை. ஆனால் அவர் காது இரண்டும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

"பையன் கை நனைச்சுட்டானுங்களே" என்று மாப்பிள்ளையின் அம்மா யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கணவருடைய இலையில் ஒரு கரண்டி ஊற்றினார். தன் இலையிலும் ஊற்றிக்கொண்டார்.

பெரியவர் தரையிலிருந்து கையை எடுத்தார். இலையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். ரீட்டாவை மட்டும் பார்க்கவில்லை. ரீட்டா நகராமல் நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்து அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கடைசியில் அவர் ஒரு உருண்டையைப் பிட்டார். சோற்றில் புரட்டி வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார். அப்புறம் என் மாமியார் பக்கம் திரும்பினார்.

"கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மிங்க."

தன் வீட்டுச் சமையலில் யாராவது நொட்டை சொன்னால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவர் என் மாமியார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதோ கொண்டாறனுங்க" என்று உப்பு ஜாடியை எடுக்க ஓடினார்.